பின் பீரங்கி

அறுத்துப்போட்டன். ஒரு மாதிரி அதையும் அறுத்துப்போட்டன். கையளவு வாள்தான், பல்லுகள் கண்ணுக்கே தெரியாது, ஆனால் பிளாஸ்ரிக்கிலை வைச்சு இழுத்தால் சத்தமில்லாமல் இறங்கும். மொடல் கப்பலின்ர பின் பீரங்கி மேசையிலை உருண்டு போய்த் தேத்தண்ணிக் கோப்பையோடை முட்டி நிண்டுது. என்ர கையும் அப்பிடியே நிண்டுபோச்சு. ஏன் நிண்டதெண்டு உடனை பிடிபடேல்லை. பேஸ்மென்ற் ஹீற்றர் கரகரக்குது, மேலை அம்மா உழுந்து கழுவுற தண்ணி குழாய்க்காலை இறங்கிப் போற சத்தம் கேக்குது, நாளைக்குத் தம்பி குணன்ர திவசம், இண்டைக்குப் பின்னேரம் புவனன் வாழையிலை கொண்டு வருவான், எல்லாம் வழமை போலத்தான் இருக்குது, பிறகென்ன? பிறகென்ன பிறகென்ன எண்டு எனக்கு நானே கேக்க, அந்தச் சின்னச் சாம்பல் நிறப் பீரங்கி என்னைப் பாத்துக்கொண்டு கிடக்குது. "பின் பீரங்கிக்குப் பக்கத்திலைதான் குணனைக் கிடத்தினவை, அண்ணை." ஆர் சொன்னது? புவனன் சொன்னது. ஒருக்கால் ரெண்டுதரம் இல்லை, ஒவ்வொரு வருசமும் சொன்னவன், என்ர வீட்டுச் சோத்தைத் திண்டுகொண்டு சொன்னவன்.

பொறு. அவசரப்படாதை. முதலிலை இருந்து வா. இது அமெரிக்கன்ர கப்பல். பெட்டிக்குள்ளை துண்டு துண்டா வரேக்கை இது அமெரிக்கன்ர நாசகாரி, டிஸ்ரோயர் எண்டுற போர்க்கப்பல், முன்னுக்கு ஒரு பீரங்கி, பின்னுக்கு ஒரு பீரங்கி. நான் அதைக் கனடாக் கப்பலா மாத்துறன். ஒட்டோனபி எண்ட கனடா நாசகாரிக்கு ஒரு கம்பனிக்காரனும் மொடல் செய்து விக்கிறேல்லை. வேணுமெண்டால் கிட்டத்தட்ட அதின்ர சாயலிலை இருக்கிற இன்னொண்டை வாங்கி, இருக்கக்கூடாததை அறுத்து, இல்லாததைப் பிளாஸ்ரிக் தகட்டிலை வெட்டி ஒட்டி, நீயாத்தான் செய்யவேணும். நடுவயித்தைக் குறுக்கை வெட்டி ஒரு துண்டைக் கழிச்சு ரெண்டு பாதியையும் திருப்பி ஒட்டினன். ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா நிண்ட புகைபோக்கியளைக் கழட்டிப்போட்டு, பக்கத்திலை பக்கத்திலை நிண்டு வெளிப்புறமாச் சரியிற ரெண்டைச் செய்து வைச்சன், மாட்டுக்குக் கொம்பு முளைச்ச மாதிரி. ஒட்டோனபிக்கு அந்தக் கொம்புதான் அடையாளம். பின்பக்கம் பீரங்கியே கிடையாது, ஹெலி இறங்கிற மேடையும் அதுக்குப் பின்னாலை வெறுந்தளமும்தான். இதெல்லாம் எனக்கு முந்தியே தெரிஞ்ச விசயம், வரைபடம் சுவரிலை தொங்குது. ஆனாலும் பின் பீரங்கியை மாத்திரம் கடைசிக்கு விட்டு வைச்சனான். ஏன் விட்டு வைச்சனான்? வேலை ஒழுங்கு எண்டு எனக்கு நானே சொன்னனான். மண்ணாங்கட்டி ஒழுங்கு. கைக்குத் தெரிஞ்சிருக்குது, மண்டைக்குத்தான் தெரியேல்லை.

குணன் என்ர ஒரே தம்பி. நான் முந்தியே பிளேனிலை கனடாவுக்கு வந்து இறங்கியிட்டன். அவன் வந்தது கப்பலிலை. அதைக் கப்பல் எண்டும் சொல்லக்கூடாது, கறள் பிடிச்ச ஒரு சாமான், ஆக்களை ஏத்திக்கொண்டு வந்து அத்திலாந்திக்கிலை சின்னச் சின்னப் படகுகளிலை இறக்கி விட்டிட்டுப் போட்டுது. கரைக்கு வந்து சேந்த ஆக்களிலை குணன் இல்லை. அவனோடை ஒரே வகுப்பிலை படிச்ச புவனேந்திரன், இந்தப் புவனன், இருந்தான். நான்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தனான், என்ர அறையிலை பாயைப் போட்டு, சோறு காய்ச்சிக் குடுத்து, ஒண்டும் கேக்காமல் இருந்தனான். அவனாத்தான் சொன்னவன். மற்றப் படகுகளை மீன்பிடிகாரர் கண்டவையாம், தங்கட படகை ஒரு கனடாக் கடற்படைக் கப்பல் கண்டதாம், குணனுக்குக் கடும் காய்ச்சலாம், மேலை ஏத்தி டொக்டர் ஊசி போட்டவராம், தான் அவன்ர தலையை மடியிலை வைச்சிருந்து தண்ணி பருக்கினதாம், அடுத்த நாள் விடியப்புறம் போட்டானாம், கடலிலையே மரியாதையா அடக்கம் செய்தவையாம். அவ்வளவுதான். அப்ப அவன் சொன்னது அவ்வளவுதான், நான் வடிவா ஞாபகம் வைச்சிருக்கிறன். கப்பல் எண்டான், டொக்டர் எண்டான், தண்ணி எண்டான். பீரங்கி எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. விசாரிப்பமோ எண்டு கேட்டதுக்கு, ஐயோ அண்ணை வேண்டாம், குணன் வேறை ஆற்றையோ பாஸ்போட்டிலை வந்தவன், தோண்டினால் எல்லாற்றை அகதிக் கேசும் குழம்பும் எண்டான். அந்தக் காலத்திலை கேஸ் எண்ட சொல்லைக் கேட்டால் எங்கட ஆக்களுக்குச் சிவபெருமான் நெற்றிக்கண்ணைத் திறந்த மாதிரி. நான் வாயைப் பொத்தியிட்டன். அந்தப் படகிலை வந்த மற்ற ஆக்களும் மொன்றியல், அங்கை இங்கை எண்டு சிதறிப் போச்சினம், ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை.

பெட்டி பிறகுதான் வந்தது. அதுதான் விசயம், பெட்டி பிறகு வந்தது. அம்மாவை நான் கூப்பிட்டு எடுத்த வருசம், வேலைக்குப் போற வழியிலை ஒரு விளையாட்டுச் சாமான் கடைக் கண்ணாடிக்குள்ளை சாம்பல் நிறத்திலை ஒரு போர்க்கப்பல் பெட்டி இருந்தது. எனக்கு அமெரிக்கன் எது, கனடாக்காரன் எது எண்டு என்ன தெரியும்? தம்பிக்குக் கல்லறை இல்லை, ஒரு பிடி சாம்பல் இல்லை, இதையாவது செய்து அவன்ர படத்துக்கு முன்னாலை வைப்பம் எண்டு வாங்கிக்கொண்டு வந்தன். குசினி மேசையிலை நான் பெட்டியைத் திறக்கேக்கை புவனன் பக்கத்திலை நிண்டவன். மூடியை அவன்தான் கையிலை வைச்சிருந்தவன், கனநேரம் வைச்சிருந்தவன். அம்மா வந்திருந்து, தம்பி புவனன், என்ர பிள்ளை கடைசியா இருந்த கப்பல் இது மாதிரியோ எண்டு கேட்டவ. ஓம் அம்மா, அச்சொட்டா இதுதான் எண்டான். பிறகுதான் எல்லாம் வந்தது. பின் பீரங்கிக்குப் பக்கத்திலை ஸ்ரெச்சர். சுத்தி நிண்ட பெடியள். அதிலை ஒரு வெள்ளைக்காரன் தொப்பியைக் கழட்டிக் கையிலை பிடிச்சுக்கொண்டு நிண்டவன் அம்மா, குணனுக்காக. அண்டைக்குத்தான் அம்மா வந்த நாளுக்குப் பிறகு முதன்முதலா ஒரு பிடி சோறு ஒழுங்காச் சாப்பிட்டவ. தொப்பி கழட்டினவன். அந்தத் தொப்பியிலைதான் அம்மா இவ்வளவு காலமும் உயிரோடை இருக்கிறா, சொன்னால் ஆரும் நம்பமாட்டினம். ஊருக்குப் போன் எடுத்தாலும் அதுதான் கதை, என்ர பிள்ளைக்கு வெள்ளைக்காரன் தொப்பி கழட்டினவன். தபால்காரன் தொப்பி போட்டுக்கொண்டு வந்தால் அவனையும் மறிச்சுத் தேத்தண்ணி குடுப்பா. நவம்பரிலை போரிலை செத்த படைக்காரரின்ர நினைவுக்குக் குத்துற பொப்பிப் பூவை முதலிலை குத்துறது இந்த வீட்டிலை அம்மாதான். நாசகாரி எண்டால் மட்டும் கோவிப்பா, என்ர பிள்ளையைக் காப்பாத்தப் பாத்த கப்பலுக்கு என்னடா உந்தக் கண்டறியாத பேர் எண்டு.

வால்டர் ஒரு நாள் வந்து, படத்துக்கு முன்னாலை நான் செய்து வைச்ச பழைய கப்பலைப் பாத்திட்டு, இது அமெரிக்கன்ரையெல்லோ எண்டு சிரிச்சவன். நூலகத்துக்குப் பின்னாலை மொடல் செய்யிற கிழவங்கள் கூடுற ஒரு சங்கம் இருக்குது, பென்ஷன் எடுத்த பிறகு நான் அங்கை போறனான். வால்டர் கடற்படையிலை சமையல்காரனா இருந்தவன், கப்பலெண்டால் அவனுக்குப் பயித்தியம். அவங்களிட்டை ஒரு வழக்கம், நீ என்ன கப்பலைக் கொண்டு போனாலும் முதல் கேள்வி, எந்த வருசம்? ஒரு கப்பல் எண்டால் ஒரு கப்பல் இல்லை, ஒவ்வொரு முறை துறைமுகத்திலை திருத்தி வெளிக்கிடேக்கையும் வேறை கப்பல், ஏரியல் மாறும், படகு மாறும், புகைபோக்கியே மாறும். ஒரு நாளைத் தெரிஞ்செடு, அந்த நாளிலை அவள் எப்பிடி நிண்டாளோ அப்பிடிச் செய், இல்லாட்டி விளையாட்டுச் சாமான் செய்யாதை எண்டுவான். நான் வருசத்தைச் சொன்னன், மாதத்தைச் சொன்னன், கடலைச் சொன்னன். அந்த மாதம் அந்தப் பக்கம் சுத்தினது ஒட்டோனபிதான் எண்டு தேடிச் சொன்னான். புவனனிட்டைப் போய் ஒட்டோனபியாம் எண்டு சொன்னன். "ஓம் அண்ணை, ஓம், அதுதான் பேர், இப்பதான் ஞாபகம் வருது" எண்டான். எவ்வளவு சந்தோசப்பட்டனான் அண்டைக்கு. விசரன் நான், விசரன். அதே மொடல் கிற்றைத் திருப்பி வாங்கி வெட்டத் தொடங்கினன். ரெண்டு குளிர்காலம், ரெண்டு வின்ரராச் செய்யிறன். ஒவ்வொண்டா அறுக்கேக்கை மனம் ஒருக்கால் இடறும். புகைபோக்கியைப் பற்றி அவன் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டெண்டெல்லோ சொன்னவன்? சரி, காய்ச்சலிலையும் பசியிலையும் கிடந்தவன், மறந்திருப்பான். படகு இறக்கினது மற்றப் பக்கமெல்லோ? சரி, இருட்டு. நானே அவனுக்கு வக்கீல், நானே நீதவான். ஆனால் அந்தக் கொம்பு? படகிலை கிடந்து அண்ணாந்து பாக்கிறவனுக்கு வானத்திலை முதலிலை தெரியிறது அந்தக் கொம்பு ரெண்டும்தானே? அதை ஒருத்தன் மறப்பானோ?

மூடி எங்கை? அந்தப் பழைய பெட்டி மூடி இஞ்சைதான் எங்கையோ கிடக்கவேணும். கண்ணுக்கு முன்னாலைதான் கிடக்குது. மல்லாத்திப் போட்டு, அரம், தூரிகை, பசைக் குழாய் எல்லாம் போட்டு வைக்கிற தட்டமா எத்தினையோ வருசமாப் பாவிக்கிறன், படம் மேசையைப் பாத்துக்கொண்டு கிடக்குது. பிறகு வாங்கின பெட்டியிலை கீறினது வேறை படம், அதிலை கப்பல் தூரத்திலை போகுது, ஆள் ஒருத்தரும் இல்லை. சாமான்களை ஒவ்வொண்டா எடுத்து வெளியிலை வைக்கிறன். கெதியா வைக்கலாம், ஆனால் கை வராதாம். திருப்பாதை, திருப்பினால் பிறகு மூடேலாது எண்டு ஒரு மனம் சொல்லுது. மற்ற மனம் திருப்பியிட்டுது. நிறம் மங்கியிருக்குது, ஒரு மூலையிலை பசை கொட்டிக் காஞ்சிருக்குது. முன் பீரங்கி, பிறகு ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாப் புகைபோக்கி ரெண்டு. இடப்பக்கம் கயித்திலை படகு இறங்குது. பின்தளத்திலை பீரங்கிக்குப் பக்கத்திலை வெள்ளைச் சட்டையோடை கொஞ்சப் பெடியள். அதிலை ஒருத்தன் தொப்பியைக் கழட்டிக் கையிலை பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையாலை நெத்தி வேர்வையைத் துடைக்கிறான். வேர்வையைத் துடைக்கிறான் அறுவான். நடுக்கோடையிலை எங்கையோ வெயில் கடலிலை ஒரு அமெரிக்கப் பெடியன் வேர்வை துடைக்கிறான், அதை ஆரோ ஒருத்தன் கூலிக்குக் கீறியிருக்கிறான், என்ர அம்மா அவனுக்காக ஒவ்வொரு வருசமும் ஒரு வடையைத் தனிய எடுத்து வைக்கிறா.

பேய்க்காட்டிப்போட்டான். நல்ல வடிவாப் பேய்க்காட்டிப்போட்டான். நம்ப நட, நம்பி நடவாதை எண்டு எங்கட ஆக்கள் சும்மாவே சொல்லி வைச்சவை? கோதாரியிலை போவான், நான் படுக்கப் பாய் குடுத்தனான், என்ர பக்டரியிலை என்ர பேரைச் சொல்லி வேலைக்குச் சேத்தனான், அவன்ர கலியாணத்திலை தமையன்ர இடத்திலை நான் நிண்டனான். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் எண்டுறது இதைத்தான். அம்மா குணன்ர கலியாணத்துக்கெண்டு ஊரிலை செய்து வைச்ச சங்கிலியை இடுப்பிலை முடிஞ்சு கொண்டந்தவ. என்ர பிள்ளையின்ர தலையை மடியிலை வைச்சிருந்த பிள்ளை எண்டு அதை இவன்ர கழுத்திலை போட்டவ. போடேக்கை குனிஞ்சு நிண்டவன். குனிஞ்சு நிண்டவனெல்லோ, வேண்டாம் அம்மா எண்டு ஒரு சொல்லுச் சொன்னவனே? இண்டைக்கும் போட்டுக்கொண்டுதான் திரியிறான். திவசத்துக்கு முதல் இலை அவனுக்குத்தான், நான் உடன்பிறந்தவன், எனக்கு ரெண்டாவது இலை. ஒருநாளும் எனக்கு அதிலை எரிச்சல் வந்ததில்லை எண்டு சொன்னால் பொய். வந்தது. வர, சீ, கடைசி நேரத்திலை பக்கத்திலை இருந்தவன் அவன், நீயில்லை எண்டு என்னை நானே பேசினனான். இப்ப அதுவும் பொய்யோ? மடியிலை வைச்சதும் பொய்யோ? தண்ணி குடுத்ததும்? தொப்பி பொய்யெண்டால், பீரங்கி பொய்யெண்டால், கப்பலே வரேல்லையெண்டால், அப்ப தம்பிக்கு என்ன நடந்தது? தலை சுத்துது. பசை மணமோ தெரியாது, யன்னலைத் திறக்கவேணும், யன்னல் எட்டாது.

திதி. ஐயோ, திதி. இவ்வளவு நேரமும் அது மண்டைக்குள்ளை வரேல்லை. ஐப்பசி அபரபக்கச் சத்தமி, தேய்பிறை ஏழாம் நாள். அது எங்காலை வந்தது? கடற்படைக் கப்பல் வந்த அடுத்த நாள் விடியப்புறம் எண்டு புவனன் சொன்ன நாளை வைச்சு ஐயர் பஞ்சாங்கத்தைப் பாத்துச் சொன்னது. கப்பலே வரேல்லையெண்டால் அடுத்த நாள் ஏது? அப்ப இவ்வளவு வருசமும் அம்மா பச்சைத் தண்ணி பல்லிலை படாமல் விரதம் இருந்தது ஆற்றை நாளிலை? நான் எள்ளும் தண்ணியும் இறைச்சது ஆருக்கு? குணன் உண்மையா வாற நாளிலை இந்த வீட்டிலை நாங்கள் கோழி திண்டிருப்பம், பிறந்தநாள் கேக் வெட்டியிருப்பம், சிரிச்சுக்கொண்டு ரீவி பாத்திருப்பம், அவன் வாசலிலை வந்து நிண்டிட்டுப் போயிருப்பான். நாங்கள் இலை போடுற நாளிலை அவன் வாறதில்லை. எனக்கு உந்தச் சாத்திரங்களிலை பெரிய நம்பிக்கை எண்டில்லை, ஆனால் இதை விடேலாமல் கிடக்குது. எந்த வருசம், எந்த நாள் எண்டு ஒரு இரும்புக் கப்பலுக்கு ரெண்டு வின்ரராத் தேடினன், கைபிடிக் கம்பியின்ர கனம் வரைக்கும் தேடினன். என்ர தம்பி செத்த நாளை ஒருத்தன் வாயாலை சொல்ல அப்பிடியே எடுத்து விழுங்கினனான். மேலை அம்மா உழுந்தை அரைக்கத் தொடங்கியிட்டா. அம்மாவுக்கு இதைச் சொல்லுறதோ? எண்பத்தைஞ்சு தாண்டின மனுசிக்கு, வாக்கரைப் பிடிச்சுக்கொண்டு நடக்கிற மனுசிக்கு, தொப்பி வேர்வைக்குக் கழட்டினது அம்மா எண்டு சொல்லுறதோ? சொல்லாட்டி நாளைக்கு எள்ளை எடுத்து எந்த நாளுக்கு இறைக்கிறது? ஒண்டு செய்வம், முதலிலை புவனனிட்டைச் செத்த நாளைக் கேப்பம். ஏன் சொன்னாய் எண்டு கேக்கிறேல்லை, அதைக் கேட்டால் அழுவான், நானும் அழுவன். நாளை மட்டும் கேக்கிறது. வெட்டின இடத்துக்குப் பூசிற மாவைக் குழைச்சு, பின்தளத்து ஓட்டையை அடைச்சு, கத்தியாலை வழிச்சன். வேலை நேராத்தான் வந்தது. இது காய ராத்திரியாகும்.

மேலை கதவுச் சத்தம். புவனன்ர செருமல். அம்மா, வா தம்பி, இலை நல்ல இலையே எண்டு கேக்கிறா. படியிலை இறங்கி வாறான், முழங்கால் நோவிலை ஒவ்வொரு படியா. தலை நரைச்சுப்போச்சு அவனுக்கும். சங்கிலி சேட்டுக்கு வெளியிலை கிடக்குது. குனிஞ்சு கப்பலைப் பாத்து, வடிவா வந்திருக்குது அண்ணை, கையிலை எடுக்கவே பயமாக் கிடக்குது எண்டு புழுகினான். கொம்பைப் பாத்து இதென்ன புதுசா எண்டு கேட்டான். அவன்ர கண் மெல்ல மெல்லப் பின்னுக்குப் போகுது, போகுது, பின்தளத்துக்கு வந்து நிண்டுது.

"பின் பீரங்கி எங்கை அண்ணை?"

மூடியை எடுத்து அவன்ர கையிலை குடுத்தன். முதல் சிரிச்சுக்கொண்டுதான் வாங்கினான், பழைய சாமான் காட்டுறன் எண்டு நினைச்சிருப்பான். பிறகு சிரிப்பு எங்கை போச்சுதெண்டு தெரியேல்லை. பெருவிரலாலை அந்தத் தொப்பிக்காரப் பெடியனை மறைச்சுக்கொண்டு நிண்டான், மறைச்சால் இல்லாமல் போயிடுமாக்கும். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ளை மறைச்சவனுக்கு இது பெரிய வேலையே. பெயின்ற் வாளியைக் கவிட்டுப்போட்டு அதிலை இருந்தான். அம்மா கேட்டவ அண்ணை எண்டான். ஒவ்வொரு நாளும் கேட்டவ, என்னட்டைச் சொல்ல ஒண்டும் இருக்கேல்லை எண்டான். எங்கட படகையும் மீன்பிடிகாரர்தான் கண்டவை எண்டான். நான் குரலை உயத்தேல்லை. உயத்தினால் மேலை கேக்கும். ஒண்டே ஒண்டுதான் கேட்டன்.

"என்ன நாள்?"

அவன் மூடியை மடியிலை கவிட்டு வைச்சான்.

"நாள் தெரியாது அண்ணை. எனக்கும் காய்ச்சல். நான் கண் முழிக்கேக்கை படகிலை அவன் இல்லை. கடலிலை இறக்கியாச்சு எண்டு சொல்லிச்சினம்."

இவனும் பாக்கேல்லை. இதை நான் எதிர்பாக்கேல்லை. கப்பல் பொய், தொப்பி பொய், அதுக்கெல்லாம் மனதை ஒருவாறு கட்டியிட்டன், ஆனால் அடியிலை எங்கையோ இவன் ஒருத்தனாவது பக்கத்திலை இருந்தவன் எண்டு ஒண்டு மிச்சம் இருந்தது. மடியும் இல்லை, தண்ணியும் இல்லை. தம்பி போறதை அவனைத் தெரிஞ்ச ஒரு கண்ணும் பாக்கேல்லை. இவன் நித்திரையாக் கிடந்திருக்கிறான். காய்ச்சல்காரனிலை என்ன பிழை எண்டு கேக்கிற ஒரு குரல் எனக்குள்ளையும் இருக்குது, அது கேக்கட்டும், இப்ப எனக்கு அதைக் கேக்க ஏலாது. இந்தக் கழுத்திலை கிடக்கிற சங்கிலியை அறுத்து எடுக்கவேணும் போலை கை துடிக்குது. அதை எடுத்துப்போட்டு அம்மாவுக்கு என்ன சொல்லுறது? திதி தெரியாதவைக்கு அமாவாசையிலை குடுக்கலாம் எண்டு ஐயர் ஆருக்கோ சொன்னது ஞாபகம் வந்தது. அப்ப வேறை ஆருக்கோ எண்டு கேட்டுக்கொண்டு நிண்டனான். அவன் ஏதோ மன்னிப்பு மாதிரிச் சொல்லத் தொடங்கினான், நான் கையைக் காட்டி நிப்பாட்டினன், ஏனெண்டால் மேலை அம்மா கூப்பிடுறா. கப்பல் முடிஞ்சுதெண்டால் கொண்டு வாங்கோவன், எனக்கு அங்கை இறங்கேலாது, புவனனும் நிக்கிறான், நான் ஒருக்காப் பாக்கவேணும் எண்டு கூப்பிடுறா.

கொண்டு போனம். நான் கப்பலோடை முன்னாலை, அவன் பின்னாலை. ஒரு பிணத்தைக் கொண்டு போற மாதிரி மெதுவா. அம்மா உழுந்துக் கையைச் சீலையிலை துடைச்சுக்கொண்டு வந்து மேசையிலை இருந்தா, கண்ணாடியை மாட்டினா. சாமிப் படங்களுக்குப் பக்கத்திலை குணன் எங்களைப் பாத்துச் சிரிக்கிறான், அவனுக்கு முன்னாலை பழைய அமெரிக்கக் கப்பல் தூசியோடை நிக்குது. புதுசை முன்னாலை வைச்சன். அம்மா கொம்பைத் தொட்டுப் பாத்தா, பழைய கப்பலைப் பாத்தா, திருப்பிக் கொம்பைப் பாத்தா. இப்ப அம்மா கேப்பா, எங்களைப் பேய்க்காட்டினியளே எண்டு கேப்பா, கேக்கட்டும், நான் எல்லாத்தையும் கொட்டிவிடுறன், நாளைக்குத் திவசம் இல்லையம்மா எண்டு சொல்லுறன், நான் வாயைத் திறந்திட்டன்.

"ஓம் அம்மா," எண்டான் புவனன். என்னை முந்தியிட்டான். "இதுதான் சரியான கப்பல். படகிலை கிடந்து அண்ணாந்து பாக்க, வானத்திலை மாட்டுக் கொம்பு மாதிரி ரெண்டு புகைபோக்கி. அதைத்தான் நான் முதல் கண்டனான்."

திறந்த வாய் திறந்தபடி நிண்டுது. அவன் கொம்பைக் கண்டு இன்னும் ஒரு மணித்தியாலம் ஆகேல்லை. ஆனால் அவன்ர குரலிலை ஒரு பிசிறில்லை, கண்ணிலை தண்ணி நிக்குது, உண்மையாவே நிக்குது. முந்தி நீ உந்தக் கொம்பைச் சொல்லேல்லையே தம்பி எண்டா அம்மா. மறந்துபோனன் அம்மா, அண்ணை செய்து வைச்சதைப் பாத்த பிறகுதான் எல்லாம் வருது எண்டான். அம்மா தலையை ஆட்டினா. முகம் அப்பிடியே இளகிப்போச்சு. எனக்கு விளங்கிச்சுது. முந்தி இருந்தது ஓட்டைப் பொய். வால்டர் மாதிரி ஒருத்தன் வந்து நிண்டு பாத்தால் அரை நாளிலை உடைச்சுப்போடுவான். ரெண்டு வின்ரரா இருந்து அதின்ர பிழையளை ஒவ்வொண்டா அறுத்து, இல்லாததை ஒட்டி, அரம் போட்டு, இனி ஒருத்தராலையும் பிழை பிடிக்கேலாத மாதிரி ஆக்கிக் குடுத்தது நான். அவனுக்கு நான் செய்து குடுத்திருக்கிறன்.

அம்மா பின்தளத்தைத் தேடுறா. பழைய கப்பலிலை அவவுக்கு இடம் தெரியும், பீரங்கிக்குப் பக்கத்திலை, ஒவ்வொரு திவசத்துக்கும் ஒரு நித்தியகல்யாணிப் பூவை அந்த இடத்திலைதான் வைக்கிறவ. இதிலை அடையாளம் இல்லை. விரலைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிமிந்து பாத்தா. புவனனைப் பாக்கேல்லை, என்னைத்தான் பாத்தா, கப்பலைச் செய்தவன் நான்தானே.

"அவனை எந்த இடத்திலை கிடத்தினவை, தம்பி?"

புவனன் என்னைப் பாக்கிறான். குணனும் பாக்கிறான். அம்மாவின்ர விரல் அந்தரத்திலை நிக்குது. நான் என்ர விரலைக் கொண்டுபோய், பீரங்கி இருந்த இடத்திலை, வெறுந்தளத்திலை வைச்சன்.

"இஞ்சை, அம்மா," எண்டன். பூசினது இன்னும் காயேல்லை, விரல் ஒட்டிச்சுது.